உரிமையாளர் தெரியவில்லை

பால்டிமோர், அமெரிக்கா
பிப்ரவரி 6, 2018

செவஸ்தி,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ பதில் சொல்லாமல் வைத்துவிடுவாய். அம்மாவின் சாவுக்கு நான் வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து நமக்குள் அப்படித்தான். ஒன்பது வருடம் ஆகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அத்தான் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. இந்த வீட்டில் எனக்கு இனி வேலை இல்லை. விற்றுவிட்டேன். ஆகஸ்டுக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும். செப்டம்பரில் தீவுக்கு வருகிறேன். பார்த்துவிட்டுப் போக இல்லை, இருக்க வருகிறேன். நாற்பத்திரண்டு வருடம் அடுத்தவர்கள் மண்ணில் இருந்தது போதும்.

நான் வருவதற்குள் சில காரியங்கள் ஆக வேண்டும். எனக்கு அங்கே வரி எண் எடுக்க வேண்டும், அம்மா எனக்குக் கொடுத்த வீட்டின் மின்சார இணைப்பை என் பெயருக்கு மாற்ற வேண்டும். கூரை எப்படி இருக்கிறது என்று எழுது, மேல் அறையில் சாமான் வைத்தால் தாங்குமா? கட்டில், அலமாரி, சலவை இயந்திரம் எல்லாவற்றையும் கன்டெய்னரில் அனுப்புகிறேன்.

நீ எங்கேயும் போக வேண்டாம். ஊர் என்னைப் பழிக்கும்படி நான் எதுவும் செய்ய மாட்டேன். கீழ் அறையைச் சுத்தம் செய்து எடுத்துக்கொள். உனக்கு அது தாராளமாகப் போதும்.

முக்கியமான விஷயம் ஒன்று. மூன்று வருடத்துக்கு முன்னால் எல்லோரும் தங்கள் நிலம், வீடுகளை அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்று அறிவித்தார்களே, அப்போது இங்குள்ள நம் நாட்டுத் தூதரகத்தில் முத்திரை குத்தி உனக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பினேன். பதிந்தாயா? ரசீதின் நகல் எனக்கு வேண்டும்.

ரிகோபூலா


மெசோவுனா
மார்ச் 2, 2018

அக்கா,

உன் கடிதம் பதினெட்டு நாள் கழிச்சு வந்துச்சு. காத்து அடிச்சா கப்பல் வராது, கப்பல் வராட்டி கடிதமும் வராது. நீ மறந்திருப்ப.

அத்தானை நினைச்சுக் கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்தினேன். நல்ல மனுஷன். அம்மா சாவுக்கு வந்தப்போ எங்கிட்ட ஒழுங்காப் பேசினது அவர் ஒருத்தர்தான்.

கூரை ஒழுகுது. மேல மண் பூசி உருளை ஓட்டுற ஆள் இப்ப ஊர்ல இல்ல. சிமெண்டு போடலாம்னா அனுமதி வாங்கணும். மழைக்காலத்துல அஞ்சு பாத்திரம் வைப்பேன். எந்தப் பாத்திரம் எப்ப நிரம்பும்னு எனக்குத் தெரியும். புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது.

கட்டில் அனுப்பாத. நம்ம சந்துல கழுதை போனா மனுஷன் சுவத்தோட ஒட்டிக்கணும், அதுல அமெரிக்கக் கட்டில் எங்க நுழையும்? சலவை இயந்திரமும் வேண்டாம், உங்க ஊர் மின்சாரம் வேற எங்க ஊர் மின்சாரம் வேறன்னு எலக்ட்ரீஷியன் சொல்றான், போட்டா அன்னைக்கே புகையுமாம். அதோட மொட்டை வெயில் மாசத்துல தொட்டித் தண்ணி நமக்குக் குடிக்கவே பத்தாது.

ஒண்ணு நல்லா ஞாபகம் வச்சுக்கோ. நிரந்தரமா ஊர் திரும்புறேன்னு தூதரகத்துல ஒரு சான்றிதழ் கொடுப்பாங்க. அதை அங்கேயே, கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கணும். இல்லாட்டி சாமானைச் சுங்கத்துல பிடிச்சு வச்சுக்குவாங்க. கீழ்த்தெரு அந்தோனிஸ் கனடாவுல இருந்து வந்தப்போ அப்படித்தான் ஆச்சு. ஏழு மாசம் அவன் பெஞ்சாதி தம்பி சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சான்.

டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். உனக்கு ரத்தக் கொதிப்பு இருக்குன்னு அத்தான் சொன்னார், மாத்திரை நிறைய எடுத்துட்டு வா.

கீழ் அறையில இப்ப ஆடு இல்ல. ஆனா வாசம் போகல.

உன் அதிகாரப் பத்திரம் அப்பவே வந்துச்சு. பத்திரமா இருக்கு.

செவஸ்தி


பால்டிமோர்
ஏப்ரல் 9, 2018

செவஸ்தி,

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். சந்தின் அகலம், தொட்டித் தண்ணீர், அந்தோனிஸ் போட்டுக்கொண்ட சட்டை. நான் கேட்டது ஒன்று. அதற்கு ஒரு வரி இல்லை. பத்திரம் பத்திரமாக இருக்கிறதாம். அதைப் பூட்டி வைப்பதற்கா அனுப்பினேன்?

இங்கே நம் தீவுக்காரர்களின் சங்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள், எலெங்காகி. கணினியில் வேலை பார்ப்பவள். பதிவுப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, நம் ஊர் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். கோயிலைக் கண்டுபிடித்தேன். கோயிலிலிருந்து நம் சந்து. சந்தின் முடிவில் நம் வீடு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அந்தக் கட்டத்தைத் தொட்டாள். ஒரு வரி வந்தது.

"உரிமையாளர் தெரியவில்லை."

"இது தப்பான வீடு" என்றேன். அவள் மறுபடி தொட்டாள். மறுபடி அதே வரி.

இப்படியே விட்டால் சில வருடங்களில் அது அரசாங்கச் சொத்தாகிவிடும் என்று அந்தப் பெண் சொல்கிறாள். இந்த வீட்டை விற்றுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நான் திரும்பிப் போக இங்கே இடம் இல்லை.

என்ன நடந்தது என்று எழுது. கூரையைப் பற்றி எழுதாதே.

ரிகோபூலா


மெசோவுனா
மே 3, 2018

அக்கா,

எழுதி எழுதிக் கிழிச்சேன். இது நாலாவது தாள்.

நான் பதிவு ஆபீசுக்குப் போனேன். போகலன்னு நினைச்சுக்காத. காலை பஸ்ல டவுனுக்குப் போய், உன் பத்திரத்தைக் கையில வச்சுக்கிட்டு வரிசையில நின்னேன். நம்ம ஊர்க்காரங்க பாதிப் பேர் அங்கதான் இருந்தாங்க. எனக்குப் பின்னாடி காப்பிக்கடை நிக்கித்தாஸ்.

மேசையில ஒரு சின்னப் பொண்ணு.

"வீடு யார் பேர்லம்மா?"

"அக்காவோடது."

"அக்கா எங்க?"

"அமெரிக்காவுல."

"அப்ப வீட்டுல யாரு இருக்கா?"

"நான்தான்."

"எத்தனை வருஷமா?"

"பொறந்ததுல இருந்து."

அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு. நல்ல பொண்ணுதான், கெட்ட எண்ணம் இல்ல. "அப்ப உங்க வீடுதானேம்மா, ஏன் இழுக்குறீங்க?"ன்னு கேட்டுச்சு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள நிக்கித்தாஸ் சொன்னான், "அட, அவ தங்கச்சிம்மா. மூத்தவ மகாராணி, இவ மகாராணி வீட்டு வேலைக்காரி. அப்படியே எழுதிக்கோ!" வரிசை முழுக்கச் சிரிச்சுது. அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். நானும் சிரிச்சேன்.

அந்தப் பொண்ணு ஃபாரத்தை என் பக்கம் திருப்பி வச்சு, உரிமையாளர்னு ஒரு கட்டத்தைக் காட்டிப் பேனாவைக் கொடுத்துச்சு. உன் பேரை எழுதத்தான் போனேன். சத்தியமா. ஆனா எழுத வரல. அம்மாவுக்குப் பதினொரு வருஷம் நான் மலம் அள்ளினேன். அந்தச் சுவத்துக்கு வருஷா வருஷம் ஈஸ்டருக்கு நான் சுண்ணாம்பு அடிக்கிறேன். சரி, அப்ப என் பேரை எழுதுவோம்னு நினைச்சேன். யார் தடுக்கப் போறா? அதுவும் வரல. மூத்த பொண்ணுக்குத்தான் தாய்வீடுன்னு அம்மா எனக்கு நடக்கத் தெரியுறதுக்கு முன்னாடியே சொல்லி வச்சுட்டா. நான் திருடி இல்லையே.

"யோசிச்சு எழுதிட்டு வாங்கம்மா, வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு"ன்னு அந்தப் பொண்ணு சொல்லி, நிக்கித்தாஸைக் கூப்பிட்டுச்சு. நான் கடைத்தெருவுல வெங்காயம் வாங்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

வெள்ளிக்கிழமை போச்சு. கடைசித் தேதியை ரெண்டு தடவை தள்ளி வச்சாங்க. ரெண்டு தடவையும் நான் போகல.

இதுக்கு மேல என்ன எழுதுறதுன்னு தெரியல.

செவஸ்தி


பால்டிமோர்
மே 25, 2018

உனக்கு ஒரு பெயர் எழுதத் தெரியவில்லை. நம் இரண்டு பேரையும் தெருவில் நிறுத்திவிட்டாய்.

நிக்கித்தாஸ் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

மே 26

மேலே எழுதியதை அடிக்க நினைத்தேன். அடித்தாலும் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். அப்படியே அனுப்புகிறேன். ரோட்ஸ் தீவுக்குப் போய் ஒரு வக்கீலைப் பார். நல்ல வக்கீலாகப் பார்.


மெசோவுனா
ஜூன் 19, 2018

அக்கா,

நீ சொன்ன மாதிரி ரோட்ஸுக்குப் போனேன். கப்பல்ல ஆறு மணி நேரம். வக்கீல் பேர் வசீலாகிஸ். வயசானவர், காது கொஞ்சம் மந்தம். அதனால நம்ம வீட்டுக் கதையை நான் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியதாப் போச்சு, வெளிய உக்காந்திருந்தவங்க எல்லாரும் கேட்டாங்க.

அம்மா உனக்குக் கொடுத்த சீதனக் காகிதத்தைக் காட்டினேன். பழைய பாதிரியார் எழுதினது. புரட்டிப் பார்த்துட்டுச் சொன்னார், "கையெழுத்து அழகா இருக்கு. கோர்ட்டுக்குப் பிரயோஜனம் இல்ல. நோட்டரி முன்னாடி எழுதல, உங்க அம்மா பேர்லயும் பதிவு இல்ல. மூத்த பொண்ணுக்கு வீடுங்கிறது உங்க ஊர் வழக்கம். சட்டத்துக்கு அது தெரியாது."

"அப்ப அக்காவுக்குக் கிடைக்காதா?"

"கிடைக்காது. ஆனா உங்களுக்குக் கிடைக்கலாம். இருபது வருஷத்துக்கு மேல ஒருத்தர் ஒரு வீட்டைத் தன் சொந்த வீடா நினைச்சுக் குடியிருந்தா அது அவருக்குச் சேரும். நீங்க எத்தனை வருஷம்?"

"அறுபது. ஆனா நான் சொந்த வீடா நினைச்சு இருக்கலைங்க. அக்கா வீடுன்னு நினைச்சுத்தான் இருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டார். "அம்மா, இந்த ஒரு வார்த்தையை மட்டும் ஜட்ஜ் முன்னாடி சொல்லிடாதீங்க."

செப்டம்பர் இருபதாம் தேதி ரோட்ஸ் கோர்ட்டுல விசாரணைக்குத் தேதி வாங்கிட்டார். எனக்குச் சாட்சி சொல்ல ஊர்ல நாலு பேர் இருக்காங்க. ஆனா அரசாங்க வக்கீல் கேட்கிற முதல் கேள்வியே மூத்தவளைப் பத்தித்தான் இருக்குமாம். அதனால நீ நோட்டரி முன்னாடி எழுதிக் கொடுக்கணும். அந்த வீட்டுல உனக்கு உரிமை இல்ல, ஒருநாளும் இருந்ததில்லன்னு.

நான் உன்கிட்ட இதைக் கேட்கல. வக்கீல் சொன்னதை எழுதுறேன், அவ்வளவுதான். வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வரி போடு. கேஸை வாபஸ் வாங்கிடுவேன். வீடு யாருக்கும் இல்லாமப் போகட்டும்.

செவஸ்தி


பால்டிமோர்
ஜூலை 14, 2018

செவஸ்தி,

முடியாது.

நான் சொல்வதையும் கொஞ்சம் கேள். எனக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம். உன் அத்தான் மனோலிஸ் என்னைப் பார்த்தா கட்டினான்? வீட்டைப் பார்த்துக் கட்டினான். அவன் அப்பா வந்து கதவைத் தட்டிப் பார்த்தார், தொட்டியில் கல்லைப் போட்டு ஆழம் பார்த்தார். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் நான் வாழ்ந்தது மூன்று வருடம். அதற்குள் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் கப்பல் ஏறினோம். வீட்டைச் சமைத்துச் சாப்பிட முடியுமா?

இங்கே முப்பத்தொரு வருடம் மற்றவர்கள் வீட்டைத் துடைத்தேன். எத்தனை வீடு என்று எனக்கே நினைவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுக்காரி என் தலைக்கு மேல் நின்று, இங்கே அழுக்கு, அங்கே அழுக்கு என்று காட்டுவாள். நான் மனதுக்குள், எனக்கும் வீடு இருக்கிறது, நானும் வீட்டுக்காரிதான் என்று சொல்லிக்கொள்வேன். அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதைப் பொய் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமா?

நீ அம்மாவைப் பார்த்துக்கொண்டாய். தெரியும். ஊரே சாவுக்கு வந்த என்னிடம் அதைச் சொன்னது. உனக்கு அம்மா இருந்தாள். எனக்கு வீடு இருந்தது. இப்போது இரண்டுமே உனக்கு என்றால்

இங்கே நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். கன்டெய்னர் நேற்றுக் கிளம்பிவிட்டது. கட்டிலையும் அனுப்பிவிட்டேன். காலி வீட்டில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். கடைசிக் காலத்தில் அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா?

ரிகோபூலா


மெசோவுனா
ஆகஸ்ட் 7, 2018

அக்கா,

கடைசி அஞ்சு மாசம் அம்மாவுக்கு நினைவு தப்பிப் போச்சு. என்னை ரிகோபூலான்னுதான் கூப்பிட்டா. "ரிகோபூலா, எப்ப வந்த? சாப்பிட்டியா?"ன்னு ஒவ்வொரு நாளும் கேட்பா. முதல்ல நான் செவஸ்திம்மான்னு சொல்லிப் பார்த்தேன். அவ முகம் வாடிப் போச்சு. அப்புறம் சொல்லல. இப்பத்தான் வந்தேம்மா, சாப்பிட்டேம்மான்னு சொல்லிடுவேன்.

சாகுறதுக்கு முந்தின நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "செவஸ்தி பாவம், அவளைப் பார்த்துக்கோ"ன்னு சொன்னா. சரிம்மான்னு சொன்னேன்.

சாவுக்கு நீ வந்தப்போ இதைச் சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ அலமாரித் துணியை எண்ண ஆரம்பிச்சுட்ட.

கையெழுத்துப் போட வேண்டாம். உன் கடிதத்தைப் படிச்சுட்டு வக்கீலுக்குப் போன் பண்ணினேன். இப்ப வாபஸ் வாங்கினா மறுபடி தேதி கிடைக்காது, இருக்கட்டும், வந்தவரைக்கும் பார்ப்போம்னு சொல்றார். எனக்கு எதிர்த்துப் பேசத் தெரியல.

தூதரகச் சான்றிதழ் வாங்கிட்டியா? அதை மட்டும் மறக்காத.

செவஸ்தி


பிரேயஸ் துறைமுகம்
செப்டம்பர் 15, 2018

செவஸ்தி,

பத்து நாளாக இங்கே இருக்கிறேன். துறைமுகத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் நம் தீவுக்குப் போகும் கப்பல் தெரிகிறது. எட்டாம் நம்பர் வேகத்தில் காற்று, கிளம்பவில்லை. காற்று நின்றது, மாலுமிகள் வேலைநிறுத்தம். அது முடிந்தது, மறுபடி காற்று.

சான்றிதழ் வாங்கவில்லை. மார்ச்சிலேயே எழுதியிருந்தாய். உன் மேல் இருந்த கோபத்தில் அந்தப் பக்கத்தைச் சரியாகப் படிக்கவில்லை. இரண்டாவது தடவை எழுதியபோது கிளம்பும் அவசரத்தில் விட்டுவிட்டேன். சாமான் சுங்கத்தில் கிடக்கிறது. அங்கே இருக்கும் அதிகாரி, "திரும்பிப் போய் வாங்கிட்டு வாங்கம்மா" என்கிறான். எங்கே திரும்பிப் போவது? ஒரு கைப்பெட்டியோடு நிற்கிறேன்.

நேற்று ஒரு நோட்டரியிடம் போனேன். நீ கேட்டதால் இல்லை. அம்மா சொன்னதால் என்றும் சொல்ல மாட்டேன். இந்த அறையில் பத்து நாள் தனியாக உட்கார்ந்து பார், உனக்கே புரியும்.

நோட்டரி ஒரு இளம்பெண். எழுதி முடித்து எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். ஒரு வரியில் நிறுத்தினாள். "அம்மா, 'உரிமை ஒருநாளும் இருந்ததில்லை'ன்னு போட்டிருக்கேன். இப்ப இல்லைங்கிறது வேற, இருந்ததே இல்லைங்கிறது வேற. புரிஞ்சுதான் போடுறீங்களா?"

"புரியுது."

"அப்ப நீங்க அந்த வீட்டுல குடியிருந்தது எப்படி?"

"விருந்தாளியா."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவள் அதையும் எழுதிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டேன். ரோட்ஸுக்கு விமானம் போகிறது, அதில் விரைவு அஞ்சலாக உன் வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அவர் முகவரிக்கே போடுகிறேன். இருபதாம் தேதிக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

வீடு உனக்கு வந்தபிறகு என்னை என்ன செய்வது என்று நீ முடிவு செய்துகொள். நான் கேட்கப் போவதில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

ரிகோபூலா


ரோட்ஸ்
செப்டம்பர் 20, 2018

அக்கா,

கோர்ட்டு வாசல் படிக்கட்டுல உக்காந்து எழுதுறேன். இந்தக் கடிதத்தை இன்னைக்கு விமானத்துல போட்டா நாளைக்கே உனக்குக் கிடைக்கும்னு வக்கீல் சொல்றார்.

நான் நேத்து சின்னக் கப்பல்ல இங்க வந்து சேர்ந்தப்போ உன் காகிதமும் கடிதமும் வக்கீல்கிட்ட வந்திருந்துச்சு. வசீலாகிஸ் எனக்குப் படிச்சுக் காட்டினார். விருந்தாளிங்கிற இடம் வந்ததும் போதும்னு சொல்லிட்டேன்.

காலையில எட்டு மணிக்கே வந்துட்டோம். நம்ம கேஸ் நாற்பத்தியொண்ணு. சாட்சி சொல்ல நிக்கித்தாஸும் வந்திருந்தான், கழுத்துல டை கட்டிக்கிட்டு. "உங்கக்கா வீட்டைக் காப்பாத்த நான் உன் வீடுன்னு சொல்லணும், அப்படித்தானே? எனக்கே குழப்பமா இருக்கு"ன்னு சொன்னான். ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாங்க. உள்ள போய் நின்னேன். ஜட்ஜ் ஒரு அம்மா. வசீலாகிஸ் உன் காகிதத்தை மேசையில வச்சார். அரசாங்க வக்கீல் எழுந்து, கேஸ் கட்டு இன்னும் தனக்கு வந்து சேரல, நேரம் வேணும்னார். ஜட்ஜ் தலையைக் கூட நிமிர்த்தல. ஒரு பக்கத்தைப் புரட்டினாங்க, ஒரு தேதியைச் சொன்னாங்க, நாற்பத்திரெண்டைக் கூப்பிட்டாங்க. அவ்வளவுதான். நான் உள்ள போட்டுட்டுப் போன செருப்புல ஒட்டின தூசி கூட உதிரல.

2021 மே 20. அதுதான் தேதி. அன்னைக்கு உனக்கு அறுபத்தேழு, எனக்கு அறுபத்திமூணு.

"அதுவரைக்கும் வீடு யாரோடது?"ன்னு கேட்டேன். வசீலாகிஸுக்குக் காது கேட்கலன்னு நினைச்சு ரெண்டாவது தடவையும் கேட்டேன். கேட்டிருக்கு. உங்களை யாரும் வெளிய தள்ள மாட்டாங்க, ஆனா கூரைக்கு அனுமதி கேட்க உரிமையாளர் வேணும், மின்சாரத்துல பேர் மாத்த உரிமையாளர் வேணும், அதெல்லாம் முடியாதுன்னார். 2021-லயாவது முடியுமான்னு கேட்டேன். "தள்ளி வைக்காம இருந்தா"ன்னார்.

அப்ப அக்கா கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திருப்பிக் கொடுங்க, அவளாவது பழையபடி இருக்கட்டும்னு சொன்னேன். கட்டுல சேர்த்தாச்சு, இனி எடுக்க முடியாதாம்.

படிக்கட்டுல உக்காந்தப்புறம்தான் இது எனக்கு உறைச்சுது. நீ விட்டுக் கொடுத்துட்ட. ஆனா எனக்கு ஒண்ணும் வந்து சேரல. அது நடுவுல எங்க போய் விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியல, அக்கா. வசீலாகிஸுக்கும் தெரியல.

நாளைக்குக் காத்து குறையுமாம். சனிக்கிழமை கப்பல் பிரேயஸ்ல கிளம்பினா ஞாயித்துக்கிழமை விடியுறப்போ நம்ம துறைக்கு வரும். நான் கீழ வந்து நிற்பேன். சாமானுக்காக அங்கேயே காத்துக்கிட்டு இருக்காத. உனக்கு மாத்துத் துணி என்கிட்ட இருக்கு, கொஞ்சம் நீளமா இருக்கும், மடிச்சுத் தைச்சுக்கலாம். மழை இன்னும் ஆரம்பிக்கல.

ஊர்ல எல்லாரும் துறைக்கு வருவாங்க, தெரியும்ல. நாற்பத்திரெண்டு வருஷம் கழிச்சு மூத்தவ இங்கேயே இருக்க வர்றாளேன்னு. யார் வீட்டுக்கு வர்றான்னு கேட்பாங்க. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. உனக்கும் தெரியலன்னா, ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லாம மேல நடந்து போயிடலாம்.

செவஸ்தி